விளையாட்டில் எடுக்கும் முடிவும் வேலையில் எடுக்கும் முடிவும்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சான்டியேகோவில் நடத்தும் மருத்துவமனைகளில் 2023-ஆம் ஆண்டு எட்டு மாதங்கள் ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 19,500 ஊழியர்களுக்குப் பத்துச் சுற்றுகளாகப் போலியான மோசடி மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. உள்ளே இருக்கும் இணைப்பைச் சொடுக்கியவர்களுக்கு உடனே ஒரு பயிற்சிப் பக்கம் திறக்கும். எங்கே ஏமாந்தார்கள், அடுத்த முறை எதைக் கவனிக்க வேண்டும் என்று அது விளக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பகுதியினருக்குப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. கடைசியில் கணக்குப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்கள் ஏமாறுவது சராசரியாக 1.7 சதவீதம்தான் குறைந்திருந்தது. கடவுச்சொல்லைப் புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சலில் சிக்கியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. விடுமுறை விதிகள் மாறிவிட்டதாகச் சொன்ன மின்னஞ்சலில் சிக்கியவர்களோ 30 சதவீதத்துக்கும் மேல். ஒருவர் பயிற்சி பெற்றாரா என்பதைவிட, எந்த ஆசையை, எந்தக் கவலையைக் காட்டி அவரைக் கூப்பிட்டார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

பயிற்சி பலிக்காததற்கான காரணமும் அதே தரவில் இருக்கிறது. பயிற்சிப் பக்கத்தைத் திறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு நிமிடத்துக்கு மேல் அங்கே இருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கினர் வந்த வேகத்திலேயே மூடிவிட்டார்கள்.

நம் ஊர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதாக இருக்காது. தகவல் பாதுகாப்பு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, தீ விபத்து என்று ஆண்டுதோறும் முடித்தாக வேண்டிய இணையவழிப் பயிற்சிகள் வரிசையாக நிற்கும். கெடு முடியும் நாளன்று மாலை ஒரு ஜன்னலில் வேலை ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு ஜன்னலில் ஒலியை அணைத்துவிட்டுப் பயிற்சி ஓடும். 'நெக்ஸ்ட்' பொத்தான் எப்போது நிறம் மாறும் என்று பார்த்திருந்து அழுத்துவார்கள். கடைசிக் கேள்விகளில் தவறினால் மறுபடி முயலலாம், பதில்கள் அதே வரிசையில்தான் இருக்கும். சான்றிதழ் இறங்கியதும் எச்.ஆர். துறையின் அட்டவணையில் ஒரு கட்டம் பச்சையாகும். அந்த ஊழியர் அன்று ஒரு முடிவைக்கூட எடுத்திருக்க மாட்டார்.

இந்தச் சலிப்புக்கு மருந்தாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக விற்கப்படுவது 'கேமிஃபிகேஷன்'. பாடத்துக்குப் புள்ளிகள், பதக்கங்கள், யார் முதலிடம் என்று காட்டும் பட்டியல். இதை வாங்கும் நிறுவனங்கள் ஈர்ப்பையும் கற்றலையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கின்றன என்பது என் முதல் ஆட்சேபம். விளையாட்டுக்கும் சிமுலேஷனுக்கும் பயிற்சியில் பெரிய இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவற்றின் பலன் புள்ளிகளிலிருந்து வருவதில்லை. வேலையில் எடுக்க வேண்டிய முடிவை விளையாட்டுக்குள்ளேயே எடுக்க வைத்து, அதன் விளைவை உடனே கண்முன் காட்டும்போதுதான் வருகிறது.

பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட 'ஆன்டி-ஃபிஷிங் ஃபில்' இதற்கு நல்ல சான்று. ஃபில் ஒரு குட்டி மீன். அதைச் சுற்றிப் புழுக்கள் மிதக்கும். ஒரு புழுவின் அருகே போனால் ஓர் இணைய முகவரி தெரியும். முகவரி உண்மையானது என்றால் புழுவைத் தின்ன வேண்டும். போலி என்றால் ஒதுக்க வேண்டும். போலியைத் தின்றால் தூண்டிலில் மாட்டிக்கொள்ளும். குழப்பமாக இருந்தால் அப்பா மீனைக் கேட்கலாம், அது ஒரு குறிப்புத் தரும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். இதே விஷயத்தைச் சாதாரணப் பாடமாகப் படித்தவர்களைவிட ஃபிலை விளையாடியவர்கள் போலித் தளங்களைச் சரியாக இனம் கண்டார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வழக்கமான பயிற்சிக் குறிப்புகளைப் படித்தவர்களும் தேர்வில் முன்னேறினார்கள். ஆனால் அவர்களுடைய முன்னேற்றத்துக்குக் காரணம் சந்தேகம் கூடியதுதான். எதைக் காட்டினாலும் போலியாக இருக்குமோ என்றார்கள். ஃபிலை விளையாடியவர்கள் நல்ல தளத்தை நல்லது என்று சொல்வதிலும் தேறியிருந்தார்கள். முகவரியின் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது. எச்சரிக்கை கூடுவது வேறு, பகுத்தறியும் திறன் கூடுவது வேறு. பயிற்சி தயாரிப்பவர்களில் மிகச் சிலரே இந்த இரண்டையும் பிரித்து அளக்கிறார்கள். பொய்ச் செய்திகளை அடையாளம் காணக் கற்றுத்தரும் விளையாட்டுகளும் இதே இடத்தில்தான் சிக்கின. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பங்கேற்று 2018-இல் வெளியான 'பேட் நியூஸ்' இந்த வகையில் பெயர்பெற்றது. இத்தகைய விளையாட்டுகளின் ஆய்வுத் தரவுகளை 2023-இல் இருவர் மறுபடி அலசியபோது, விளையாடியவர்கள் உண்மைச் செய்தியையும் சேர்த்தே அதிகம் சந்தேகித்தது தெரியவந்தது. ஃபிலில் தின்ன வேண்டிய புழுக்கள் இருந்தன. அதுதான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

பாடத்தை விளையாட்டின் உள்ளே வைப்பதா, மேலே ஒட்டுவதா என்ற கேள்வியைப் பிரிட்டனில் ஜேக்கப் ஹாப்குட், ஷேரன் ஐன்ஸ்வொர்த் இருவரும் நேரடியாகச் சோதித்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2011-இல் வந்தது. ஏழு முதல் பதினொரு வயதுக் குழந்தைகளுக்கான அந்த விளையாட்டின் பெயர் 'ஸோம்பி டிவிஷன்'. எலும்புக்கூடுகள் நெஞ்சில் ஓர் எண்ணோடு வரும். குழந்தையின் கையில் உள்ள ஒவ்வொரு ஆயுதமும் ஒரு வகுஎண். மீதியின்றி வகுபட்டால் எலும்புக்கூடு நொறுங்கும். வகுபடாவிட்டால் அது திருப்பித் தாக்கும். இன்னொரு வடிவத்தில் ஓட்டமும் சண்டையும் அப்படியே இருந்தன, ஆனால் எலும்புக்கூட்டின் நெஞ்சில் எண்ணுக்குப் பதிலாக எந்த ஆயுதம் என்று காட்டும் குறி இருந்தது. கணக்குகள் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தனி வினாடி வினாவாக வந்தன. சம நேரம் விளையாடியும், கணக்கு உள்ளே இருந்த வடிவத்தை விளையாடியவர்களே அதிகம் கற்றார்கள். பிடித்ததை விளையாடலாம் என்று விட்டபோது, அந்த வடிவத்திலேயே ஏழு மடங்குக்கு மேல் நேரம் செலவிட்டார்கள். கணக்கு இல்லாத சண்டையைக் குழந்தைகள் விரும்புவார்கள் என்றுதான் பெரியவர்கள் நினைத்திருப்போம். யோசிக்க வேண்டிய சண்டையைத்தான் அவர்கள் விரும்பினார்கள்.

மேலே ஒட்டியதன் கதி என்ன? அமெரிக்காவில் மைக்கேல் ஹானஸ், ஜெஸ்ஸி ஃபாக்ஸ் இருவரும் ஒரே பாடத்தின் இரண்டு கல்லூரி வகுப்புகளை 16 வாரங்கள் ஒப்பிட்டு 2015-இல் எழுதினார்கள். ஒன்றில் பதக்கங்களும் முதலிடப் பட்டியலும் உண்டு, மற்றதில் இல்லை. பதக்க வகுப்பு மாணவர்களின் ஆர்வமும் மனநிறைவும் நாளடைவில் குறைந்தன; இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்தது. ஒரே ஓர் ஆய்வை வைத்துப் பதக்கமே கூடாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1973-இலேயே மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் இதன் வேரைக் காட்டியிருந்தார்கள். தானாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசும் கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத வேளையில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களில் பாதியளவு நேரமே வரைந்தார்கள்.

தனித்தனி ஆய்வுகளை விட்டுவிட்டு மொத்தமாகப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. வேலையிடப் பயிற்சியில் சிமுலேஷன் விளையாட்டுகளைப் பற்றி ட்ரேசி சிட்ஸ்மன் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 6,476 பேரின் தரவுகளைத் திரட்டியது. விளையாட்டோடு பயின்றவர்களுக்குத் தன்னம்பிக்கை 20 சதவீதமும், செய்முறை அறிவு 14 சதவீதமும், நினைவில் நிற்பது 9 சதவீதமும் கூடியிருந்தன. இந்த எண்கள் விற்பனைக் காகிதங்களில் அடிக்கடி வரும். அதே கட்டுரை சொன்ன இன்னொன்று அங்கே வருவதில்லை. விளையாட்டு இல்லாத தரப்பினர் வேறு வகையில் தாமே செய்து பார்க்கும்படி பயிற்சி பெற்றிருந்தால், அவர்கள்தான் அதிகம் கற்றார்கள். விளையாட்டு வென்றது சும்மா உட்கார்ந்து கேட்டவர்களை. 2013-இல் பீட்டர் வௌட்டர்ஸும் சகாக்களும் வெளியிட்ட தொகுப்பாய்வில், பாடத்துக்கான விளையாட்டுகள் கற்றலையும் நினைவையும் ஓரளவு கூட்டின, ஆனால் ஆர்வத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியதாகக் காட்ட முடியவில்லை. ஈர்ப்புக்காக வாங்கப்படும் பொருள் ஈர்ப்பைத் தராமல் வேறொன்றைத் தருகிறது. சிட்ஸ்மன் சேர்த்துச் சொன்ன மூன்று நிபந்தனைகளை வாங்குபவர்கள் சுவரில் ஒட்டி வைக்கலாம்: கற்பவர் செயல்பட வேண்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப விளையாட முடிய வேண்டும், வேறு பயிற்சியோடு சேர்ந்து வர வேண்டும்.

அடுத்து வரும் ஆசை தத்ரூபம். முப்பரிமாணம், தலையில் மாட்டும் கருவி, நிஜம் போன்ற மனித உருவங்கள். இங்கே வரலாறு நமக்கு உதவுகிறது. எட்வின் லிங்க் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் பியானோவும் ஆர்கனும் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் செலவைப் பார்த்துவிட்டு, ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே 1929-இல் ஒரு பயிற்சி விமானம் செய்தார். குட்டை இறக்கைகள், உள்ளே ஒருவர் உட்காரும் பெட்டி, அசைவதற்குத் துருத்திகள். முதலில் வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள்தான். 1934-இல் அமெரிக்க ராணுவத்திடம் வான்வழித் தபால் பொறுப்பு திடீரென வந்து, குளிர்கால மேகத்தில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தெரியாத ராணுவ விமானிகள் அடுத்தடுத்து இறந்த பிறகு, ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது.

மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்குக் கருவிகளின் முட்களைத் தவிர எதுவும் தெரியாது. வானமோ நிலமோ எதுவும் வரையப்படவில்லை. மேகத்துக்குள் பறப்பவருக்கு அவை தெரியப்போவதில்லை என்பதால் அந்தக் குறை குறையே இல்லை. வெளியே பயிற்றுநரின் மேசையில் விரித்த வரைபடத்தின் மீது 'நண்டு' என்று அழைக்கப்பட்ட மூன்று சக்கரக் கருவி ஊர்ந்து, மாணவர் பறந்த பாதையை மையால் கோடாக இழுத்துக்கொண்டே போகும். மூடியைத் திறந்து வெளியே வந்ததும் மாணவரும் ஆசிரியரும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பேசலாம். எந்த இடத்தில் வழி பிசகியது என்பதற்கு வாதமே தேவையில்லை.

தத்ரூபம் குறைந்தாலும் கற்றல் குறைய வேண்டியதில்லை என்பதை மருத்துவத்தில் காட்டியது, கனடாவில் நடந்து 2002-இல் வெளியான மாட்சுமோட்டோ குழுவின் ஆய்வு. சிறுநீர்க் குழாய்க்குள் கருவி செலுத்திக் கல்லை எடுக்கும் முறையை 40 மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு குழுவுக்கு 3,700 டாலர் மாதிரி உடல். இன்னொரு குழுவுக்குக் கவிழ்த்த கோப்பை, ரப்பர்க் குழாய், இரண்டு உறிஞ்சு குழல்கள் வைத்து 20 டாலரில் செய்த மாதிரி. தேர்வில் இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெறுமனே விரிவுரை கேட்ட மூன்றாவது குழு பின்தங்கியது. கை எந்தத் திசையில் திரும்ப வேண்டும், எங்கே தடை உணரப்படும் என்பவை கோப்பையிலும் இருந்தன, அது போதுமானதாக இருந்தது.

தத்ரூபம் எங்கே தேவை, எங்கே வீண் என்பதைப் பிரிப்பது விளையாட்டான காரியம் இல்லை. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், முன்னே சென்ற போயிங் 747 கிளப்பிய காற்றுச் சுழலில் அகப்பட்டது. துணை விமானி சுக்கான் மிதிகளை இடமும் வலமும் மாறி மாறிப் பலமாக அழுத்தினார். அந்த விசையில் செங்குத்து வால் முறிந்து தனியே விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். அந்தச் சுழல் அப்படியொன்றும் பெரிதில்லை, அப்படி மிதித்திருக்கவே வேண்டியதில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004-இல் முடிவு செய்தது. பங்களித்த காரணங்களாக அது காட்டியவை இரண்டு: அந்த ரக விமானத்தின் சுக்கான் அமைப்பு, விமான நிறுவனம் நடத்திய சிறப்புப் பயிற்சியின் சில கூறுகள். அந்தப் பயிற்சியின் சிமுலேட்டர்ப் பாடத்தில் பெரிய விமானத்தின் காற்றுச் சுழல் என்று சொல்லி விமானத்தைக் கடுமையாகச் சாய்ப்பார்கள். சாய்வு பெரிதாகும்வரை விமானியின் கட்டுப்பாடுகளுக்குச் சிமுலேட்டர் மசியாதபடி மென்பொருளில் ஏற்பாடு செய்திருந்தார்கள். சுழல் என்றால் இவ்வளவு சாயும், அசைய வைக்க வேண்டுமானால் இவ்வளவு மிதிக்க வேண்டும் என்ற பாடத்தை, யாரும் வாயால் சொல்லாமலே, அந்த இயந்திரம் சொல்லிக்கொடுக்கக்கூடும் என்று வாரியம் கவலைப்பட்டது. அறை அச்சு அசலாக விமானி அறைதான். பொய் சொன்னது விளைவு.

இணையவழிப் பயிற்சி எழுதுபவர்கள் இந்த விபத்தைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வாடிக்கையாளர் கோபமாகப் பேசும் ஒரு காட்சியில் 'மன்னிக்கவும்' என்ற பொத்தானை அழுத்தியதும் அவர் சாந்தமாகிவிடுவதாக எழுதினால், அதுவும் ஒரு பொய்யான விளைவுதான். அழைப்பு மையத்தின் நிஜமான வாடிக்கையாளர் மூன்றாவது மன்னிப்புக்குள் மேலதிகாரியைக் கேட்பார்.

ஆடி முடித்த பின் நடக்கும் பேச்சும் இதே அளவு முக்கியம். மயக்கவியல் பயிற்சி மருத்துவர்கள் 42 பேரை வைத்து சவோல்டெல்லி குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிமுலேட்டரில் ஒரு நெருக்கடியைச் சமாளித்த பிறகு யாரோடும் அதைப் பற்றிப் பேசாதவர்கள், குழுவோடு இணைந்து செயல்படுவது போன்ற திறன்களில் அடுத்த முறை முன்னேறவே இல்லை. பேசியவர்கள் முன்னேறினார்கள். வீடியோ போட்டுக் காட்டிப் பேசியது, வெறும் வாய்ப்பேச்சைவிடக் கூடுதலாக எதையும் தரவில்லை. இணையவழிப் பயிற்சியில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பேச்சுதான், ஏனென்றால் அதற்கு ஒரு மனிதரின் நேரம் வேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நமக்கு மிக அவசரமான ஒரு பயிற்சியை யோசித்துப் பார்க்கிறேன். போலீஸ் போல நடித்து, வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடியில் ஓய்வூதியர்களும் தனியே வாழும் முதியவர்களும் வாழ்நாள் சேமிப்பை இழக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். அதன்பின் பல மாதங்கள், யாருக்குப் போன் செய்தாலும் மணியடிக்கும் முன்பு இணைய மோசடி எச்சரிக்கை ஒலித்தது. அதைக் கேட்டுக் கேட்டு எரிச்சலடைந்தவர்கள் பலர். சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று உண்டா என்று வினாடி வினாவில் கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வார்கள். அறிவு அங்கே குறைவதில்லை. சீருடை போட்ட ஒருவர் வீடியோவில் அதட்டும்போது, நெஞ்சு படபடக்க, சிவப்புப் பொத்தானை அழுத்தும் துணிவுதான் வருவதில்லை.

ஆகவே பயிற்சியில் அந்தப் பொத்தானைத்தான் அழுத்திப் பழக வேண்டும். திரையில் போன் ஒலிக்கிறது. கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல்: "மேடம், உங்க பேர்ல ஒரு பார்சல் மும்பையில பிடிபட்டிருக்கு." பிறகு போலீஸ் அதிகாரி. "கட் பண்ணாதீங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லக்கூடாது." பதில் சொல்லச் சொல்ல மிரட்டல் ஏறுகிறது. வாதம் செய்தால் ஆதார் எண்ணை அவரே வாசித்துக் காட்டுகிறார், ஏனென்றால் நிஜத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். கட் செய்தால் உடனே வேறு எண்ணிலிருந்து மறுபடி மணியடிக்கிறது. இரண்டாம் முறையும் கட் செய்து, மகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போன் போட்டால்தான் அந்தச் சுற்று முடியும். இதற்கு முப்பரிமாணம் எதற்கு? நல்ல குரல் நடிப்பும் நாலைந்து படங்களும் போதும். கிளை பிரியும் கதைகளை உருவாக்க கிரிஸ் கிளைமஸ் 2009-இல் தந்த 'ட்வைன்' இலவச மென்பொருள், தமிழிலும் எழுதலாம்.

நடுநடுவே உண்மையான அழைப்புகளும் வர வேண்டும். வாசலில் நிற்கும் டெலிவரிப் பையன், காசோலையை உறுதிசெய்யும் வங்கிக் கிளை, ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததாகச் சொல்லும் ஆய்வகம். இவற்றையும் கட் செய்பவருக்கு அந்த இழப்பும் காட்டப்பட வேண்டும். இல்லையென்றால் போனையே எடுக்காத முதியவர்களைத்தான் உருவாக்குவோம். சில வாரங்கள் கழித்து மறுபடி ஒருமுறை விளையாட வேண்டும், ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். முன்சம்மதம் இல்லாமல் யாரையும் நிஜப் போனில் சோதிக்கக் கூடாது. 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க நிறுவனம் பண்டிகை போனஸ் 650 டாலர் என்று தன் ஊழியர்களுக்கே சோதனை மின்னஞ்சல் அனுப்பி, பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் பணத்துக்குத் தவித்தவர்களை அது எவ்வளவு புண்படுத்தியிருக்கும்.

பணத்தை அனுப்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று திரை இருண்டுவிடவும் கூடாது. நிஜத்தில் அதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது. இணைய மோசடியைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிகள் அதை முடக்க முடியும். அந்த நேரத்தை விழுங்குவது வெட்கம். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு நாள் மறைக்கிறார்கள். எனவே பணம் போன அடுத்த நொடி திரையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும், பக்கத்தில் போன் இருக்க வேண்டும், 1930-ஐ அழுத்தியதும் மறுமுனையில் பேசுபவர் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றாக வர வேண்டும்: எந்த வங்கி, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன. அந்த எண் குறுஞ்செய்தியில் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுகூட அவர் கையால் ஒருமுறை நடந்திருக்க வேண்டும்.